படகும் பம்பும் நம் ஊரில் இருக்க வேண்டும்



இதைப் படித்து முடிப்பதற்குள் ஒரு காகிதம் எடுத்து மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தீயணைப்பு நிலையம் எத்தனை கிலோமீட்டர்? வழியில் எத்தனை ரயில்வே கேட், எத்தனை தரைப்பாலம்? அந்த நிலையத்தில் ஓடுகிற நிலையில் எத்தனை வண்டி? மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்கள் நம்மில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார். நானும் பல வருடம் தெரியாமல்தான் இருந்தேன். ஒரு தை மாத மதியத்தில் தெரிந்துகொண்டேன்.

அறுவடை முடிந்து வைக்கோல் படப்பு போட்டிருந்த நேரம். எங்கள் கீழத்தெருவில் ஒரு படப்பில் பிடித்த தீ, காற்றோடு கூரை வீடுகளுக்குத் தாவியது. ஆபத்து என்று டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தியதும் தெருக்குழாயும் போர் மோட்டாரும் ஒன்றாகச் செத்தன. அறுபதடி தூரத்தில் ஊருணி நிறையத் தண்ணீர் கிடந்தது. அதை இறைத்து அடிக்க ஒரு டீசல் பம்பு இல்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று எல்லோரும் வரிசையாக நின்று குடம் மாற்றினோம். தாலுகா தலைநகரத்திலிருந்து, 24 கிலோமீட்டர் தாண்டி, அடைத்துக் கிடந்த கேட்டில் நின்று, வண்டி வந்து சேர்ந்தபோது நாலு வீடு தரையோடு தரையாகிவிட்டது. கடைசி வீட்டில், எழுந்து நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்த பாட்டியை எங்களால் வெளியே கொண்டுவர முடியவில்லை.

வந்த தீயணைப்பு வீரர்கள்மேல் எனக்கு ஒரு சொல் குறை கிடையாது. அன்று காலை ஒரு கிணற்றிலிருந்து பசுவை ஏற்றிவிட்டு, சாப்பிடாமல் நேரே வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எரிந்த வாசலில் நின்று, “இங்கேயே ஒரு பம்பு இருந்திருந்தா இரண்டாவது வீட்டோட நின்றிருக்கும் தோழர்” என்றார். அந்த வாக்கியத்தைத்தான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். நான் இன்று உங்களைக் கூப்பிடுவதும் அதற்காகத்தான்.

ஆபத்தின் முதல் ஒரு மணி நேரம் ஊர்க்காரர்களுடையது. அதற்குப் பிறகுதான் துறையும் படையும் ஹெலிகாப்டரும் வரும். அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டிய கருவி ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை வாங்கும் பணத்தை அரசு சிற்றூருக்கு உரிமையாகத் தர வேண்டும். நம் கோரிக்கை இவ்வளவுதான்.

2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருடத்தில் அந்த மண் பார்க்கிற மழையைவிட அதிகம், ஒரு பகல் ஓர் இரவில். தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. ஏரல் தனித்தீவானது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் 17ஆம் தேதி இரவு நின்றது. ஏறத்தாழ 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. கடைசிப் பயணிகள் வெளியே வந்தது 19ஆம் தேதி. இடைப்பட்ட நேரத்தில் அவர்களுக்கு உலை வைத்துச் சோறு போட்டது பக்கத்துக் கிராமத்து மக்கள். தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நின்ற மக்கள், தோழர்களே! கடற்கரை ஊர்களிலிருந்து மீனவச் சகோதரர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மாடியிலும் மரத்திலும் இருந்தவர்களை இறக்கினார்கள்.

நிவாரணப் பொருளோடு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஒரு பேரூராட்சியில் கவுன்சிலர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஊறிப்போன கால்களோடு பேசினார். அன்று இரவு அவர்கள் கையில் இருந்தவை இரண்டு டார்ச் லைட், கிணற்றுக் கயிறு, லாரி டியூபில் பலகை கட்டிய தெப்பம். லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. அந்தத் தெப்பத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கரைசேர்த்திருக்கிறார்கள். அதைச் செய்தி எழுதியவர்கள் வீரம் என்றார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் மக்கள் வீரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெள்ளத்தில் இறங்கவேண்டிய நிலை ஏன் வந்தது? தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாலாவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். அவர்கள் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும், தாமிரபரணிக் கரையில் இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிற தண்ணீர் அவர்களுக்காகக் காத்திருக்காது.

கஜா புயலை மறந்தோமா? 2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் தென்னையும் மாவும் விழுந்து ஒவ்வொரு தெருவும் சிறையானது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் சாய்ந்தது. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. அரிவாளாலும் கோடாரியாலும் மக்களே மரத்தை வெட்டி வழி எடுத்தார்கள். ஊருக்கு இரண்டு மரம் அறுக்கும் மெஷின் இருந்திருந்தால் ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

அடுத்த வருடம், 2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. மதுரையிலிருந்து ஒரு கருவி, கோவையிலிருந்து ஒரு கருவி என்று தனிமனிதர்கள் தாங்களே செய்த பொறிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முதலில் மேலாக இருந்த குழந்தை 88 அடிக்கு நழுவியது. 29ஆம் தேதி அதிகாலை உடல்தான் கிடைத்தது. கருவி பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அது எனக்குச் சொல்லும் உரிமையில்லாத வார்த்தை. ஒன்று மட்டும் சொல்வேன்: கருவியைத் தேடுவதிலேயே மணிக்கணக்கு போவது இன்னொரு ஊரில் நடக்கக் கூடாது.

கிணற்றில் விஷவாயுவுக்கு ஒருவர் விழ, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவர், மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில் பிணம் எண்ணுகிறோமே, அங்கே தேவைப்பட்டது ஒரு மூச்சுக்கருவியும் இடுப்புக் கச்சையோடு ஒரு கயிறும். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளும் இதே கதை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் அங்கே ஆளை இறக்குவதே 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம், அந்தச் சண்டை தனி. வெம்பக்கோட்டை, சாத்தூர், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுத் தொழிலாளி குடும்பங்களை நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். 2012இல் முதலிப்பட்டி, 2021இல் அச்சங்குளம், 2023இல் ரெங்கபாளையம் என்று வெடிவிபத்துகள். ஒவ்வொரு முறையும் தீக்காயத்தோடு கிடப்பவர்களை முதலில் தூக்குவது பக்கத்து வேலைக்காரர்கள். அவர்களிடம் ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு தீக்காயப் போர்வை உண்டா?

இனிப் பணத்துக்கு வருவோம். “பணம் இல்லை” என்று எந்த அலுவலகத்திலாவது சொன்னால் இந்தக் கணக்கை மேசைமேல் வையுங்கள்.

15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரை, மாநிலங்களுக்கான பேரிடர் நிதியை இப்படிப் பிரித்தது: 100 ரூபாயில் 20 ரூபாய் ஆபத்து வராமல் தணிக்கும் வேலைக்கு. மீதி 80இல் 40 உடனடி நிவாரணத்துக்கு, 30 மறுசீரமைப்புக்கு, 10 முன்தயாரிப்புக்கும் திறன் வளர்ப்புக்கும். கடைசியாகச் சொன்ன அந்தப் பத்து ரூபாயை அடிக்கோடிடுங்கள். நாம் பேசுகிற பம்பு, படகு, பயிற்சி எல்லாம் அதற்குள் வருகிறவை. 2021-22இல் தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கில், ஒன்றிய அரசின் முக்கால் பங்கும் மாநிலத்தின் கால் பங்கும் சேர்த்து, 1,360 கோடி. அதில் பத்து சதவீதம் 136 கோடி, ஒரே வருடத்துக்கு. 2022இல் நம் மாநிலத்தில் பேரூராட்சிகள் 490. 136 கோடியில் பாதியை மட்டும் பேரூராட்சிகளுக்கு ஒதுக்கினாலும், ஒவ்வொன்றுக்கும் 13 லட்சத்துக்கு மேல் வரும், வருடா வருடம். உங்கள் ஊருக்கு ஐந்து வருடத்தில் இந்தத் தலைப்பில் எவ்வளவு வந்தது? கேட்டுப் பாருங்கள்.

அது தவிர, 2023 ஜூலையில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கவும் நவீனப்படுத்தவும் 5,000 கோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. செலவில் 25 சதவீதத்தை மாநிலம் போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 10 சதவீதம். மாநிலம் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கும்போது எந்தெந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். நம் விதி தீர்மானமாவது அந்தப் பட்டியலில். கூரை வீடும் தரைப்பாலமும் உள்ள ஊர் அதில் ஏறவேண்டும் என்றால் அந்த ஊர் வாய் திறக்க வேண்டும். வாய் திறப்பது என்றால் எழுத்தில், தீர்மானமாக, நம்பரும் தேதியும் போட்டு. பெருநகரத்துக்குப் பேச மேயர் உண்டு, பொறியாளர் படை உண்டு, திட்ட அறிக்கை எழுதிக் கொடுக்க ஆலோசனை நிறுவனம் உண்டு. நம் பேரூராட்சிச் செயல் அலுவலர் மூன்று ஊரைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, குடிநீருக்கும் குப்பைக்கும் நடுவே திணறுகிறார். அவருக்காக அந்த எழுத்து வேலையைச் செய்ய நாம் இருக்கிறோம்.

சட்டமும் ஒரு வினோதமான இடத்தில் நிற்கிறது. 74ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாவது அட்டவணையில், நகர்ப்புற உள்ளாட்சிகளின் பணிகளில் ஒன்றாகத் தீயணைப்பும் எழுதியிருக்கிறது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கான பதினோராவது அட்டவணையின் 29 தலைப்புகளில் அந்தச் சொல்லே இல்லை. தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநிலத் துறையின் கையில். அதை மாற்றச் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற மாநிலத் துறை நமக்கு வேண்டும், அதற்குக் கூடுதல் ஆளும் வண்டியும் நிலையமும் வேண்டும். ஊரகப் பகுதியில் 20 நிமிடத்துக்குள் முதல் வண்டி வரவேண்டும் என்று மத்திய நிலைத் தீயணைப்பு ஆலோசனைக் குழு வைத்த அளவுகோல் பழையது. அதையே இன்னும் நாம் எட்டவில்லை. எல்லா ஊரிலும் நிலையம் கட்டி முடியும்வரை சும்மா எரிந்துகொண்டிருக்க முடியுமா? அந்த 20 நிமிடத்தை, பல ஊரில் அது 50 நிமிடம், தாங்கிப் பிடிக்கிற கருவிகளை ஊருக்குள் வையுங்கள் என்கிறோம்.

ஒரு பொறியில் சிக்கிக்கொள்ளக் கூடாது, எச்சரிக்கிறேன். “உங்கள் பங்கைப் போடுங்கள், அரசு மீதியைத் தரும்” என்பார்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. பூங்காவுக்கும் தெருவிளக்குக்கும் அது சரியாக இருக்கலாம். பணக்கார ஊர் பங்கைக் கட்டி வாங்கிக்கொள்ளும். நூறு நாள் வேலைக் கூலி எப்போது ஏறும் என்று வங்கிப் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிற ஊர் என்ன செய்யும்? அதிக ஆபத்தில் இருக்கிற ஊர்தான் கையில் காசில்லாத ஊர். ஆகவே உயிர்காக்கும் கருவிக்கு மக்கள் பங்கு கேட்கக் கூடாது. நம் கோரிக்கையில் விட்டுக்கொடுக்க முடியாத வரி இது. பேச்சுவார்த்தை மேசையில் யார் உட்கார்ந்தாலும் இதை விடக் கூடாது. எம்.பி. தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி 3 கோடி. அவற்றிலிருந்து வருகிற ஆம்புலன்ஸையும் வாங்கிக்கொள்வோம், நன்றி சொல்வோம். ஆனால் ஒருவர் மனம் வைத்தால் வரும், வைக்காவிட்டால் வராது என்கிற ஏற்பாட்டில் நம் பிள்ளைகளின் உயிரைத் தொங்கவிட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் பக்கத்துக் கசப்பான உண்மை. கருவி வந்த ஊர்களும் உண்டு. ஒரு கடலோர ஊரில் புயல் காப்பகத்து ஜெனரேட்டரைத் திறந்து காட்டச் சொன்னேன். சாவி யாரிடம் என்று தெரியவே முக்கால் மணி நேரமானது. திறந்தால் பேட்டரி பொங்கி உப்பிக் கிடந்தது, டீசல் டாங்க் காலி, உள்ளே குருவிக் கூடு. வாங்கிய தேதியும் திறப்பு விழாக் கல்லும் பளபளப்பாக இருந்தன. அதனால் நம் தீர்மானத்தில் பொருளின் பெயரோடு நிறுத்தாதீர்கள். வருடாந்திரப் பராமரிப்புக்கும் டீசலுக்கும் தனித் தலைப்பில் பணம், மாதம் ஒரு முறை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டுவது, சாவி வைத்திருக்கும் இரண்டு பேர் பெயரும் போன் நம்பரும் சுவரில் பெயிண்டால். இவ்வளவும் எழுத வேண்டும்.

கருவியைப் பிடிக்கிற கைக்கும் பயிற்சி வேண்டும். ஆபதா மித்ரா திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களைத் தயார்செய்வதாக ஒன்றிய அரசு சொன்னது. நம் ஊரில் அந்தப் பயிற்சி பெற்றவர் யாரேனும் உண்டா என்று தேடுங்கள். கேரளத் தோழர்கள் நமக்கு வழி காட்டியிருக்கிறார்கள்: 2018 வெள்ளத்துக்குப் பிறகு, 124 தீயணைப்பு நிலையங்களோடும் நிலையத்துக்கு 50 பேர் வீதம் 6,200 பேர் கொண்ட குடிமைப் பாதுகாப்புப் படையை அங்கே அமைத்தார்கள். பயிற்சி தருவது தீயணைப்புத் துறை, ஆள் ஊரிலிருந்து. அது போல நம் நிலையங்களுக்கும் வேண்டும் என்று கேட்போம். அந்தப் படையில் பெண்கள் பாதியாவது இருக்க வேண்டும். பகலில் தீப்பிடிக்கும்போது ஊரில் இருப்பது அவர்கள்தான். ஆண்கள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்கிறோம்.

ஏன் இப்போது, ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கிறீர்கள். 15ஆவது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் 31 வரை. 16ஆவது நிதிக்குழுவின் ஐந்தாண்டு 2026 ஏப்ரலில் தொடங்கி 2031 மார்ச்சில் முடியும். புதுக் கணக்கின் தொடக்கத்தில் எந்த ஊர் எதற்குள் சேர்கிறது என்பதுதான் அடுத்த ஐந்து வருடம் நீளும். அப்போது தூங்கினால், 2031 வரை நம் ஊர் டியூப் தெப்பத்தில்தான் போகும். அதற்கிடையே எத்தனை ஐப்பசி, கார்த்திகை மழை வந்து போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நம் சங்கத்தின் ஒவ்வொரு கிளையும் தன் ஊருக்கு ஒரு பக்கத்தில் ஆபத்துக் கணக்கு எழுத வேண்டும்: கூரை வீடு எத்தனை, தண்ணீர் நிற்கும் தெரு எது, படுக்கையிலேயே கிடக்கும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் எந்தெந்த வீட்டில், கண்மாய் மடை எங்கே உடையும். பள்ளிக்கூட டீச்சரையும் அங்கன்வாடி அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்குத் தெரியாத வீடு கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள்: நம் வட்டத்துத் தீயணைப்பு நிலையத்தின் வண்டிகள், அவற்றின் வயது, காலிப் பணியிடம், கடந்த ஐந்து வருடத்தில் முன்தயாரிப்பு நிதியிலிருந்து நம் ஒன்றியத்துக்கு வந்த கருவிகள். 30 நாளில் பதில் தரவேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீட்டை நாங்களே எழுதித் தருகிறோம்.

கிராமத் தோழர்கள் அடுத்து வருகிற கிராம சபையைப் பிடிக்க வேண்டும். வருடத்துக்கு ஆறு உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நோட்டில் ஏறாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். ஏறியதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரூராட்சித் தோழர்கள் பகுதி சபையில் பேசிவிட்டு, உங்கள் வார்டு கவுன்சிலர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர் வீட்டுக்குப் போங்கள். தீப்பொறி கட்சிக்கொடி பார்த்துப் பறப்பதில்லை என்று அவருக்கும் தெரியும். மன்றத்தில் அவரே முன்மொழியட்டும், பெயர் அவருக்கே போகட்டும். நமக்குப் பம்பு வந்தால் போதும்.

தீர்மான நகல்கள் கையில் வந்ததும், தனித்தனியாக ஓட வேண்டாம். ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளில், மாவட்டம் முழுக்க எல்லா ஊரும் ஒரே வரிசையில் நின்று கலெக்டரிடம் கொடுப்போம். கலெக்டர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். நாற்பது ஊர் நாற்பது தீர்மானத்தோடு நின்றால், மாவட்டத் திட்டத்தில் சிற்றூர்களுக்குத் தனிப்பக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நம் சங்கக் கட்டிடத்தில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர் ஒருவர், எந்த அளவு ஊருக்கு எந்தக் கருவி, எத்தனை குதிரைத்திறன் பம்பு, எத்தனை மீட்டர் ஹோஸ் என்று உட்கார்ந்து எழுதித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். தீர்மான மாதிரியும் மனு மாதிரியும் அச்சடித்து வைத்திருப்போம். கிளைக்கு இரண்டு பேர், ஒருவர் பெண் தோழராக வரவேண்டும். வரும்போது முதலில் எழுதச் சொன்ன அந்தக் காகிதத்தைக் கொண்டு வாருங்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை கேட், எத்தனை வண்டி. கூட்டத்தை அதைப் படித்துத்தான் தொடங்குவோம். என் ஊர்க் காகிதத்தில் 24, ஒன்று, ஒன்று என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கடைசி வீடு இருந்த இடத்தில் இன்னும் யாரும் கட்டவில்லை.